மறதியும் தழும்பும்: காஞ்சி சார்ந்த இலக்கியங்களில் பேரழிவும் சிதைவும்

ஆய்வுச் சுருக்கம்

பேரழிவு, சிதைவு ஆகியவை குறித்து ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலச் சிந்தனையாளர் கொண்டிருந்த கருத்துகள் தமிழ் இலக்கிய வரலாற்றின் காலப்பகுப்பில் மறைமுகமாகப் பதிந்துள்ளன. அப்பகுப்பு 18ஆம் நூற்றாண்டுத் தலபுராணங்களை வீழ்ச்சியின் விளைபொருளாக எண்ணச் செய்கிறது. காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய மணிமேகலை, பெரியபுராணத்தின் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணம், காஞ்சிப் புராணம் ஆகியவற்றில் அழிவுக்கும் நினைவுக்கும் உள்ள உறவு வேறு வகையில் சிந்திக்கப்பட்டுள்ளதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. மாக்கியவெல்லி அழிவால் மறதி நேர்கிறது என்றார். மணிமேகலை மறதியால் அழிவு நேர்கிறது என்கிறது. சேக்கிழாரோ அழிவின் அச்சம் விட்டுச்சென்ற தழும்பையே நினைவாக்குகிறார்.

திறவுச்சொற்கள்: பேரழிவு, சிதைவு, மறுமலர்ச்சி, மணிமேகலை, திருக்குறிப்புத்தொண்டர், காஞ்சிப் புராணம், பிரளயசித்து

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் மூன்று சொற்கள் தூண்களைப் போல நிற்கின்றன: பொற்காலம், இருண்ட காலம், மறுமலர்ச்சிக் காலம். சங்க காலம் பொற்காலம் என்றும், களப்பிரர் காலம் இருண்ட காலம் என்றும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மறுமலர்ச்சி என்றும் பள்ளிப் பாடநூல் முதல் பட்டமேற்படிப்பு வரை சொல்லிவருகிறோம். இடைப்பட்ட பகுதியில், சிறப்பாக 16 முதல் 18 வரையான நூற்றாண்டுகளில், சிற்றிலக்கியங்களும் தலபுராணங்களும் மிகுந்தன. அவை பழம்பொருளைத் திரும்பத் திரும்பப் பாடின. ஆதலால் அது தேய்வுக் காலம் என்பது பொதுவான தீர்ப்பு. மு. அருணாசலம் நூற்றாண்டு முறையில் இலக்கிய வரலாறு எழுதியபோது இத்தகைய அடைமொழிகளைத் துணைகொள்ளாமலே வரலாறு எழுத இயலும் என்று செய்தே காட்டினார். ஆயினும் அவர் காட்டிய வழி பெருவழக்காகவில்லை.

ஒளி, இருள், மீண்டும் ஒளி என்னும் இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இக்கட்டுரைக்கு முதன்மையானது. அது காலத்தின் இயல்பிலேயே அமைந்த வரிசையன்று. இத்தாலியில் 14ஆம் நூற்றாண்டில் ஒரு கவிஞர் தம் காலத்தைப் பற்றிக் கொண்ட மனக்குறையிலிருந்து பிறந்த வரிசை. அதைத் தமிழுக்குப் பொருத்தியதால் நேர்ந்த இழப்பு ஒன்றுண்டு. சிதைவு, அழிவு, எஞ்சுதல் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் மிக விரிவாகச் சிந்தித்த நூல்வகை தலபுராணம். அதையே சிதைவின் அடையாளம் என ஒதுக்கிவிட்டோம். ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வது பயன்தரும். சமணம், பௌத்தம், சைவம், வைணவம் ஆகிய நான்கும் தத்தம் தடத்தைப் பதித்த காஞ்சிபுரம் அதற்கு ஏற்ற ஊர்.

மறுமலர்ச்சியாளரின் அச்சம்

பெத்ரார்க்கா (1304–1374) உரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளை இருளாகக் கண்டார். 'ஆப்பிரிக்கா' என்னும் தம் இலத்தீன் காப்பியத்தின் இறுதியில், தம் காலத்தை மறதி என்னும் உறக்கத்தில் ஆழ்ந்த காலமாகக் காட்டி, அவ்வுறக்கம் கலைந்தபின் வருவோர் பழைய ஒளியைக் காண்பர் என நம்பிக்கை தெரிவிக்கிறார். வரலாற்றில் 'இருண்ட காலம்' என்னும் எண்ணம் அவரிடமிருந்து தொடங்குவதைத் தியடோர் மொம்சன் 1942இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். பெத்ரார்க்கா மறதியை இருள் என்றார் என்பது இங்கு நினைவிற்கொள்ள வேண்டியது. அவருக்குச் சிதைவு என்பது கட்டடம் இடிந்ததன்று; இடிந்த கட்டடத்தின் பெயரை அருகில் வாழ்பவன் அறியாதிருப்பது.

போச்சோ பிரச்சொலினி 1448இல் முடித்த நூலொன்றில் உரோமின் கபிதோல் குன்றின்மேல் அமர்ந்து இடிபாடுகளைப் பார்த்து ஊழின் நிலையாமை குறித்து நண்பரோடு உரையாடுகிறார். வசாரி 1550இல் ஓவியர், சிற்பியர் வரலாறு எழுதியபோது, கலைகளும் மனித உடல்களைப் போலப் பிறந்து, வளர்ந்து, மூத்து, மடிகின்றன என்றார். கலை மீண்டும் வீழுமானால் தம் நூலாவது அதன் நினைவைக் காக்கட்டும் என்றும் முன்னுரையில் விரும்பினார். லூயி லெ ருவா 1575இல் பாரீசில் வெளியிட்ட நூல் உலகப் பொருள்களின் மாறுபாட்டையே பொருளாகக் கொண்டது. நாகரிகத்தின் உச்சத்தில் நிற்பதாலேயே வீழ்ச்சி அண்மையில் இருக்கக்கூடும் என்று அது அஞ்சுகிறது. மறுபிறப்பைக் கொண்டாடியவர்களே மறு இறப்பையும் எதிர்பார்த்தார்கள். 1524 பிப்ரவரியில் மீன ராசியில் கோள்கள் கூடுவதால் ஊழிவெள்ளம் வரும் என ஐரோப்பா முழுவதும் அச்சம் பரவியதையும், லியனார்டோ தம் இறுதி ஆண்டுகளில் பெருவெள்ளக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப வரைந்ததையும் இதே மனநிலையோடு சேர்த்து எண்ணலாம்.

இவர்களுள் மாக்கியவெல்லியே (1469–1527) நம் ஒப்பீட்டுக்கு மிகவும் பயன்படுபவர். அவர் மறைவுக்குப்பின் 1531இல் வெளிவந்த 'லிவி பற்றிய உரைகள்' நூலின் இரண்டாம் பகுதி, ஐந்தாம் இயலில் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறார். உலகம் அநாதியானது எனில், மனிதரின் நினைவு சில ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஏன் எட்டவில்லை? நினைவை அழிக்கும் காரணங்கள் உள்ளன என்பது அவர் விடை. சமயமும் மொழியும் மாறுவது மனிதரால் நேர்வது. கொள்ளைநோய், பஞ்சம், வெள்ளம் ஆகியவை வானால் நேர்வன. அவற்றுள் வெள்ளமே கொடிது. அது பரந்து அழிப்பது ஒரு காரணம். அதில் தப்புவோர் பழமை எதுவும் அறியாத மலைவாழ் மக்கள் என்பது மற்றொரு காரணம். பழமை அறிந்த ஒருவன் தற்செயலாகத் தப்பினாலும், தனக்குப் பெயர் தேடிக்கொள்ள அவ்வறிவை மறைத்தும் திரித்தும் சொல்வான் என்கிறார். ஈவிரக்கமற்ற கூர்மை இது. வெள்ளத்துக்குப் பின் மிஞ்சுபவனை அவர் நம்பவில்லை.

புகாரை உண்ட கடலும் கச்சியை வாட்டிய பசியும்

மாக்கியவெல்லியின் வரிசை தமிழுக்கு முற்றிலும் அயலானதன்று. இறையனார் களவியல் உரை இரண்டு சங்கங்களின் இருக்கைகளைக் கடல் கொண்டதைச் சொல்கிறது. பின்னர்ப் பாண்டிநாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் வந்து, அரசன் புலவர்களை வேற்றுநாடுகளுக்கு அனுப்பி, மழை பெய்தபின் தேடியழைத்தபோது, எழுத்தும் சொல்லும் யாப்பும் அறிந்தவர் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லாரே கிடைக்கவில்லை. இங்கு வெள்ளமும் பஞ்சமும் முன்வர, அறிவிழப்பு பின்வருகிறது. அழிவால் மறதி என்னும் முறைப்பாடு அப்படியே உள்ளது. இக்கதைகளைப் பின்னாளில் இலெமூரியக் கருதுகோளோடு இணைத்து உருவாக்கிய குமரிக்கண்ட எழுத்துகளும் அதே முறைப்பாட்டில்தான் இயங்கின. சுமதி ராமசாமி 2004இல் வெளியிட்ட ஆய்வில் அவ்வெழுத்துகளை இழப்பின் மொழியாக வாசித்தது பொருத்தமே.

மணிமேகலை இந்த முறைப்பாட்டைத் தலைகீழாக்குகிறது. அதன் முதற்காதையான விழாவறை காதையிலேயே, இந்திரவிழாவை மறந்தால் காவற்பூதம் இடுக்கண் செய்யும் என்ற எச்சரிக்கை வைக்கப்பட்டுவிடுகிறது. இருபத்தெட்டு நாள் விழா ஒன்றின் அறிவிப்பாகத் தொடங்கும் காப்பியம், அவ்விழா எடுக்கப்படாது போனதால் ஒரு நகரம் மறைவதைச் சொல்லவிருக்கிறது. நெடுமுடிக்கிள்ளிக்கும் நாக நாட்டு இளவரசி பீலிவளைக்கும் பிறந்த குழந்தை, கப்பலில் வரும்வழியில் கலம் கவிழ்ந்து காணாமற்போகிறது. குழந்தையைத் தேடி அலையும் அரசன் விழாவை மறக்கிறான். மணிமேகலா தெய்வத்தின் சாபமும் இந்திரனின் சாபமும் சேரக் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது.

அரசன் மறந்த காரணத்தில் சாத்தனார் காட்டும் நுட்பம் கவனிக்கத்தக்கது. அவன் செருக்கால் மறக்கவில்லை. சமயப் பகையாலும் மறக்கவில்லை. மகனை இழந்த தந்தையின் துயரால் மறந்தான். தனிமனிதத் துயர் ஒன்று பொதுக்கடமை ஒன்றை விழுங்க, அக்கடமையின் இன்மை ஒரு நகரையே விழுங்குகிறது. குற்றத்திற்கும் தண்டனைக்கும் இடையிலான அளவு இங்கு முற்றிலும் பொருந்தவில்லை. இப்பொருந்தாமையை மறைக்கக் காப்பியம் முயலவுமில்லை.

கடல்கோளுக்குப் பின் கதை காஞ்சிக்கு நகர்கிறது. வஞ்சியில் கோவலனின் தந்தை மாசாத்துவான் வாயிலாகக் கச்சியில் மழையின்றி உயிர்கள் மடிவதை அறிந்து மணிமேகலை அங்குச் செல்கிறாள். கச்சிமாநகர் புக்க காதை பெரும்பாலும் அமுதசுரபியின் காதையாகவே நினைவில் நிற்கிறது; அவள் பசியாற்றியதைப் பாராட்டாத உரை இல்லை. ஆனால் உணவிடுவதற்கு முன் அவள் செய்வித்தவற்றை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மணிபல்லவத்தில் உள்ளதைப் போன்ற பொய்கையும் பொழிலும் காஞ்சியில் அமைகின்றன. புத்தபீடிகை நிறுவப்படுகிறது. தீவதிலகைக்கும் மணிமேகலா தெய்வத்துக்கும் கோயில் எழுப்பி, அரசனைக் கொண்டு விழாவும் சிறப்பும் நடத்தச் செய்கிறாள்.

புகாரைக் கடலுக்கு இரையாக்கிய அதே தெய்வத்துக்குக் காஞ்சியில் விழா! பசியாற்றலுக்கு முன் நினைவாற்றல் நிறுவப்படுகிறது. அழிந்த நகரின் பிழையை வாழும் நகரில் திருத்துவதே இச்செயலின் பொருள் என்று நான் வாசிக்கிறேன். ஆன் மோனியஸ் 2001இல் வெளியிட்ட நூலில் இக்காப்பியம் வருங்காலப் புத்தரின் வருகைக்கு ஏற்ற இடத்தைக் கற்பனை செய்வதாக விளக்கினார். அவ்விளக்கத்தோடு இவ்வாசிப்பு முரண்படவில்லை. எதிர்காலத்துக்காக ஓர் ஊரைத் தயார் செய்பவள், அவ்வூர் எதை மறக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே தயார் செய்கிறாள். மாக்கியவெல்லியின் 'தப்பிப் பிழைத்தவன்' தனக்காக அறிவைத் திரிப்பவன். மணிமேகலையோ தான் கேட்டறிந்த அழிவைப் பிறர் காணும் பொய்கையாகவும் கோயிலாகவும் விழாவாகவும் ஆக்குகிறாள்.

பருத்திக்குன்றத்துக் காலம்

காஞ்சியின் சமணப் பகுதியான திருப்பருத்திக்குன்றத்தில் இவற்றினின்று வேறுபட்ட ஒரு காலக்கருத்து நிலவியது. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டுவித்தார். அதன் விதான ஓவியங்களை 1934இல் டி.என். இராமச்சந்திரன் விரிவாக ஆவணப்படுத்தினார். ஆதிநாதரான இடபதேவரின் வரலாறு அவற்றுள் முதன்மையானது. சமணக் காலச்சக்கரத்தில் நாம் இறங்குமுகமான அவசர்ப்பிணியில் இருக்கிறோம். ஆயுள், உடலளவு, அறம் எல்லாம் படிப்படியாகக் குறையும். பின்னர் உற்சர்ப்பிணியில் படிப்படியாக ஏறும். இவ்விறக்கத்துக்கு யாருடைய மறதியும் காரணமன்று. எந்தச் சாபமும் காரணமன்று. இறுதியில் வரும் கொடும்புயலும் நஞ்சுமழையும்கூட நெடிய சரிவின் கடைசிப் படிகளே.

வேண்டியதைத் தந்த கற்பக மரங்கள் ஆற்றல் குன்றியபோதுதான் இடபதேவர் மக்களுக்கு வாள், எழுத்து, உழவு, கலை, வாணிகம், கைவினை என ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்று சமண புராணங்கள் கூறுகின்றன. மரம் ஆடை தந்தவரை நெசவு தேவைப்படவில்லை. கைத்தொழில் சிதைவின் பிள்ளை என்று சொல்லும் இக்கருத்து நெசவாளர் ஊர் ஒன்றின் அருகே தீட்டப்பட்டிருப்பதைத் தற்செயல் என்றே கொண்டாலும், கைத்தறி 'அழிந்துவருகிறது' என்னும் செய்திகளையே படித்துப் பழகிய நமக்கு அது வேறொரு கோணம். வசாரியின் உவமையில் சிதைவு கலையைக் கொல்கிறது. இங்கு சிதைவிலிருந்து கலை பிறக்கிறது. எனினும் இக்காலக்கருத்தில் நினைவுக்குப் பெரிய இடமில்லை. சக்கரம் நினைவைக் கேட்டுச் சுழல்வதில்லை.

வெள்ளமும் மழையும்: சேக்கிழாரின் அமைப்பு

காஞ்சியின் சைவ மரபில் மையமான அழிவுக்கதை கம்பையாற்று வெள்ளம். உமை மாவின்கீழ் மணலால் இலிங்கம் அமைத்து வழிபடுகிறாள். இறைவன் கம்பையைப் பெருகச் செய்கிறான். இலிங்கம் கரைந்துவிடுமோ என அஞ்சி அவள் தழுவிக்கொள்ள, இலிங்கம் குழைந்து அவளுடைய முலைச்சுவடும் வளைத்தழும்பும் ஏற்கிறது. சுந்தரர் ஏகம்பத்துப் பதிகத்தில் இதனைப் பாடும்போது இறைவன் வெள்ளத்தைக் 'காட்டி' அச்சுறுத்தியதாகச் சொல்லி, அவனுடைய கள்ளத்தனத்தைச் செல்லமாகக் கடிகிறார். காட்டுதல் என்னும் அவ்வினை முக்கியமானது. வெள்ளம் உலகை ஒடுக்க வந்ததன்று. ஒருத்தியின் அன்பை வெளிக்கொணர வந்தது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இக்கதையைத் தனியாகப் பாடவில்லை. திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தினுள் வைத்தார். காஞ்சியில் வாழ்ந்த அந்நாயனார் வண்ணார். அடியார்களின் உடைகளை வெளுப்பவர். அப்புராணத்தின் பெரும்பகுதி தொண்டைநாட்டுச் சிறப்பும் காஞ்சிநகர்ச் சிறப்புமாகச் செல்ல, நாயனாரின் கதை இறுதியில் சில பாடல்களில் முடிந்துவிடுகிறது. இவ்வளவுப் பொருத்தமின்மையைக் குறையாகக் கருதுவோர் உண்டு. நகர வருணனை நாயனாரை மறைத்துவிட்டதாக நானும் முதல் வாசிப்பில் எண்ணியதுண்டு. ஆனால் இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவை ஒரே கதையின் இரண்டு அளவுகள் என்பது புலனாகும்.

குளிர்காலத்தில் இறைவன் மெலிந்த அடியாராக, அழுக்கேறிய கந்தையோடு வருகிறார். அதை வெளுத்து மாலைக்குள் உலர்த்தித் தருவதாக நாயனார் வாக்களிக்கிறார். உலர்த்தும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது, விடவில்லை. இருள்கிறது. குளிரில் நடுங்கும் ஒருவருக்குச் சொன்ன சொல் தவறிய துயரில் நாயனார் துணி துவைக்கும் கற்பாறையில் தம் தலையை மோதுகிறார். பாறையருகே இறைவனின் கை எழுந்து பிடிக்கிறது.

அங்கே நீர், இங்கும் நீர். அங்கே ஊழியைப் போன்ற ஆற்றுவெள்ளம்; இங்கே ஒருநாள் மாலை விடாது பெய்த மழை. இரண்டும் இறைவன் செயல், இரண்டும் சோதனை. அங்கே மணல், இங்கே கல். உமை இலிங்கத்தை அணைக்கிறாள், நாயனார் கல்லில் மோதுகிறார். இருவரும் தமக்காக அஞ்சவில்லை. ஒருத்தி தெய்வம் கரைந்துவிடுமே என்றும், ஒருவர் ஏழை அடியார் குளிரில் வாடுவாரே என்றும் அஞ்சினர். கடவுளைக் காப்பாற்ற வேண்டும் என நினைப்பது தத்துவத்தில் பிழையாகலாம். அப்பிழையைத்தான் கதை கொண்டாடுகிறது.

இவ்விணைப்பு என் ஊகம் மட்டுமன்று. அதற்கு நூலிலேயே சான்று உள்ளது. பாறையருகே கை எழும் பாடலில் சேக்கிழார் சிவனைக் கங்கைசூடி என்றோ, திரிபுரம் எரித்தவன் என்றோ குறிக்கவில்லை. உமையின் வளை பதிந்த தழும்பை உடையவர் என்னும் பொருள்படும் பெயராலேயே குறிக்கிறார். ஒரு கந்தைத் துணிக்காக உயிர்விடத் துணிந்த வண்ணாரைத் தடுக்கும் கை, முன்பு வெள்ளத்தில் அஞ்சிய ஒருத்தியால் தழும்பேற்றவருடையது. முதல் அழிவச்சத்தின் வடு இரண்டாம் துயரில் உதவும் கைக்கு அடையாளமாகிறது. நகர்ச்சிறப்பு ஏன் அவ்வளவு நீண்டது என்பதற்கும் விடை இங்கேயே உள்ளது. அதைப் படித்திராதவர்க்கு இந்தப் பெயர் வெறும் அடைமொழி. படித்தவர்க்கு அது நினைவு.

டேவிட் ஷுல்மன் 1980இல் வெளியிட்ட தமிழ்க் கோயிற் புராணங்கள் குறித்த ஆய்வில், ஊழிவெள்ளத்திலும் அழியாது நிற்கும் மையம் என்னும் கருத்தைத் தலபுராணங்களின் அடிப்படைகளுள் ஒன்றாக விளக்கி, சங்கக் கடல்கோள் கதைகளையும் அதனோடு சேர்த்து ஆராய்ந்தார். இத்துறையில் அதற்கு நிகரான ஆய்வு அரிது. ஆயினும் 'அழியாது நிற்றல்' என்னும் சட்டகத்தில் ஏகம்பத்துக் கதை முழுதும் அடங்கவில்லை. இலிங்கம் மாறாது நிற்கவில்லை, குழைந்தது. அதன் வடிவமே மாறிவிட்டது. தழுவக் குழைந்தவர் என்ற பெயர் உறுதியைப் புகழவில்லை, நெகிழ்வைப் புகழ்கிறது. போச்சோ கண்ட உரோமில் கல் நின்றது, நினைவு போயிற்று. ஏகம்பத்தில் கல்லே இல்லை. மணல் நிற்கிறது, தழும்போடு.

இன்றைய வழிபாட்டு முறையும் இதனோடு பொருந்துவது. ஏகாம்பரநாதர் கோயிலில் மணல் இலிங்கத்தின்மேல் நீராட்டு இல்லை. புனுகு சாத்தப்படுகிறது, அபிடேகம் ஆவுடையாருக்கே. ஊழிவெள்ளத்தை வென்றதாகப் போற்றப்படும் திருமேனியை ஒரு குடம் நீரிலிருந்து நாள்தோறும் காக்கிறார்கள். இதில் முரண் எதுவும் இருப்பதாக அங்கு வழிபடுவோர் கருதுவதில்லை. வென்றது என்பதும் கரையக்கூடியது என்பதும் ஒருசேர உண்மை. அக்கோயிலின் தெற்குக் கோபுரத்தைக் கிருட்டிணதேவராயர் 1509இல் எழுப்பினார். மாக்கியவெல்லி அப்போது நாற்பது வயதில் புளோரன்சு அரசின் செயலராக இருந்தார். சமகாலம் என்பதைத் தவிர இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் நம் காலப்பகுப்பின்படி ஓரிடத்தில் அது மறுமலர்ச்சி, மற்றோரிடத்தில் அது தேய்வின் தொடக்கம்.

பிரளயசித்து

காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தைச் சிவஞான முனிவரும் இரண்டாம் காண்டத்தை அவர் மாணவர் கச்சியப்ப முனிவரும் பாடினர். 'தழுவக்குழைந்த படலம்' முதற்காண்டத்தில் உள்ளது. காஞ்சிக்கு வழங்கும் பெயர்களுள் பிரளயசித்து என்பதும் ஒன்று. ஊழியை வென்றது என்று பொருள். வடமொழி ஈற்றுச்சொல் தமிழ் ஒலிமரபில் 'சித்து' என ஆனபோது, செயற்கரிய ஆற்றல் என்னும் நிழலும் அதன்மேல் விழுந்துவிட்டது.

தலபுராணங்கள் பலவும் ஓர் அச்சில் வார்த்தவை என்ற குற்றச்சாட்டை நான் முற்றிலும் மறுக்கவில்லை. தீர்த்தப் பட்டியல்களும் பலன் கூறும் பாடல்களும் வாசகரின் பொறுமையைச் சோதிப்பவையே. ஆனால் சிவஞான முனிவர் விஷயத்தில் 'வீழ்ச்சிக் காலக் கவிஞர்' என்னும் முத்திரை கடினமான கேள்வி ஒன்றை மறைத்துவிடுகிறது. சிவஞான மாபாடியம் எழுதியவரும் அவரே. அந்நூல் உரைவகுக்கும் மெய்கண்டாரின் சிவஞானபோதம், தன் முதல் நூற்பாவிலேயே ஒடுக்கத்திலிருந்து கடவுளை நிறுவுகிறது. உலகம் எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மீளத் தோன்றும். ஆகவே ஒடுக்குபவனே முதல்வன். அருணந்தியார் அழித்தற்றொழிலை உயிர்களின் இளைப்பை நீக்கும் ஓய்வாகக் கொண்டார். சித்தாந்தத்தில் அழிவு என்பது இன்மையாதலன்று, காரணத்தில் ஒடுங்குதல். மலமும் வினையும் ஒடுக்கத்திலும் தொடர்கின்றன. அதனால்தான் உலகம் மீண்டும் தோன்றவேண்டியுள்ளது. மாக்கியவெல்லியின் வெள்ளம் நினைவைத் துடைக்கிறது. சித்தாந்தத்தின் ஊழி எதையும் துடைப்பதில்லை. உயிர் தன் கணக்கோடு உறங்கி, கணக்கோடு விழிக்கிறது.

அப்படியானால் எல்லாம் ஒடுங்கும் ஊழியில் ஒடுங்காத ஊர் எப்படி இருக்க முடியும்? மாபாடியத்தின் ஆசிரியர் பிரளயசித்து என்ற பெயரை எவ்வாறு ஏற்றார்? தத்துவ நூலில் நிறுவியதைப் புராணத்தில் கைவிட்டார் என்பது எளிய விடை. அது மாபெரும் தருக்கவாதி ஒருவரைப் பற்றிய நம்பத்தகாத விடையுமாகும். ஒடுக்கமும் வெள்ளமும் இருவேறு நிகழ்வுகள் என்று கொண்டால் சிக்கல் ஓரளவு தீர்கிறது. ஒடுக்கம் பொதுவிதி, அதற்கு அஞ்சுவோர் தேவையில்லை. கம்பை வெள்ளம் சுந்தரர் சொன்னதுபோல் 'காட்டிய' வெள்ளம். அது அஞ்சுவோர்க்காகவே வந்தது. ஒடுக்கத்தில் எஞ்சுவது உயிரின்மேல் உள்ள வினை. வெள்ளத்தில் எஞ்சுவது இறைவன்மேல் உள்ள தழும்பு. வினைக்குக் கணக்கு உண்டு, தீர்வும் உண்டு. தழும்பைத் தீர்க்க யாரும் விரும்புவதில்லை. தத்துவநூல் முன்னதைப் பேச, புராணம் பின்னதைப் பேசியது என்றே கொள்ளத் தோன்றுகிறது. மாபாடியத்தையும் காஞ்சிப் புராணத்தையும் ஒருசேர வைத்துப் படிக்கும் வழக்கம் நம் தமிழ்த்துறைகளில் இல்லை. ஒன்று தத்துவத் தாளுக்கும் மற்றொன்று, இடமிருந்தால், சிற்றிலக்கியத் தாளின் ஓரத்துக்கும் போய்விடுகின்றன.

இந்நூல் தோன்றிய நூற்றாண்டையும் மறக்கலாகாது. 1688இல் முகலாயப் படைக்கு அஞ்சி வரதராசரின் உலாத்திருமேனி உடையார்பாளையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது, 1710இல்தான் திரும்பியது. கர்நாடகப் போர்களில் காஞ்சிக் கோயிலின் மதில்கள் படையினருக்குக் கோட்டையாயின. 1780 செப்டம்பரில் ஊருக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் ஐதர் அலியின் படை ஆங்கிலேயப் படையொன்றை முற்றிலும் சிதைத்தது. சிவஞான முனிவர் மறைந்தது 1785இல். புராணத்தின் வெள்ளத்தை இப்போர்களின் உருவகம் என்று சுருக்குவது தவறு. அதற்கு அகச்சான்று இல்லை. ஆனால் ஊழியை வென்ற ஊர் என்ற பெயரை அந்நூற்றாண்டில் கேட்டவர்கள், வெல்லுதல் என்பதைச் சேதமின்றித் தப்புதல் என்று எண்ணியிருக்க முடியாது. சென்ற திருமேனிகள் எல்லாம் திரும்பவும் இல்லை. காஞ்சிக் காமாட்சியின் பொன்திருமேனி ஊர்விட்டு ஊர் சென்று தஞ்சாவூரில் நிலைபெற்றது. பங்காரு காமாட்சி என்ற பெயரில் இன்றும் அங்கேயே வழிபடப்படுகிறது. ஏகம்பனைத் தழுவியவளின் அத்திருமேனி காஞ்சியில் இல்லாத நூற்றாண்டில்தான் அவள் தழுவிய கதை தமிழில் ஒரு முழுப் படலமாக விரிந்தது.